தோட்டாவை மீண்டும் நிரப்புதல்

சட்ட வாசகங்களைத் தமிழாக்கும் தொழிலில் உள்ளோர்க்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சொல்லுக்கு ஈடான சொல்லைத் தேடுமுன், அச்சொல் குறிக்கும் பொருள் எத்தகையது, அதன் உறுப்புகள் எவை, அஃது எவ்வாறு இயங்குகிறது என்பவற்றை அறிந்துகொள்ள முயல்வோம். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தைப் படித்தபோது நமக்கு இத்தகைய தேவையொன்று நேர்ந்தது. துப்பாக்கித் தோட்டா முதலியவற்றுக்கு அச்சட்டம் தரும் இலக்கணம், தோட்டாவோடு நின்றுவிடவில்லை. தோட்டாவின் உறுப்புகளும், அதனைச் செய்வதற்கான இயந்திரங்களும் அதே சொல்லுக்குள் அடங்கும் என்று அது கூறுகிறது. வெடிக்கும் பொருளைச் சட்டம் கட்டுப்படுத்துவது இயல்பே. ஒரு வெறும் இரும்புக் கருவியையும் அதனோடு சேர்த்து வைப்பானேன் என்ற வினா நம் உள்ளத்தில் எழுந்தது.

இதற்கு விடை தேடிச் சென்றால், கடல் கடந்து அமெரிக்காவின் வீடுகளுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. அங்கே, நம்மவர் ஓய்வு நேரத்தில் தச்சு வேலையோ தோட்ட வேலையோ செய்வதுபோல, சுட்டுத் தீர்ந்த தோட்டாவின் வெறுங்கூட்டை எடுத்து, அதனை வீட்டிலேயே மறுபடியும் நிரப்பிக் கொள்வோர் பலர் இருக்கின்றனர். ஒருவர் தம் சொந்த உபயோகத்திற்காக இவ்வாறு செய்துகொள்ள அந்நாட்டின் மத்தியச் சட்டப்படி உரிமம் வேண்டுவதில்லை. விற்பனைக்காகச் செய்வதாயின் உரிமம் வேண்டும். இக்கலை எவ்வாறு தோன்றியது, அதில் நடைபெறுவது என்ன, அதன் அபாயம் எங்கே ஒளிந்திருக்கிறது, நம் நாட்டில் அதன் நிலை யாது என்பவற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

நான்கு உறுப்புகள்

தோட்டா என்பது ஒரே பொருள் போலத் தோன்றினும், அது நான்கு உறுப்புகளின் சேர்க்கையாகும். முதலாவது, பித்தளையால் ஆகிய கூடு. இரண்டாவது, கூட்டின் அடிப்புறத்தில் பொருத்தப்பட்டிருக்கும் கேப்பு. மூன்றாவது, கூட்டினுள் இருக்கும் மருந்து. நான்காவது, கூட்டின் வாயில் அமர்ந்திருக்கும் குண்டு. விசையை இழுத்தவுடன் ஊசியொன்று கேப்பின்மீது மோதுகிறது. அடிபட்டதும் தீப்பற்றும் இயல்புடைய சிறிதளவு ரசாயனக் கலவை கேப்பினுள் இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் தீ, ஒரு சிறு துளையின் வழியே மருந்தைச் சென்று பற்றுகிறது. மருந்து எரிந்து வாயுவாக மாறுகிறது. அவ்வாயுவின் அழுத்தமே குண்டைக் குழலின் வழியே வெளியே தள்ளுகிறது.

இவ்வழுத்தத்தின் அளவை எண்ணிப் பார்த்தல் நலம். இன்று உலகெங்கும் வழங்கும் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறையினர் வகுத்துள்ள உச்ச வரம்பு, சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் இஃது ஏறக்குறைய 2,400 மடங்காகும். விரலளவும் இல்லாத ஒரு பித்தளைக் கூட்டுக்குள் இத்தனை அழுத்தமும் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் எழுந்து அடங்குகிறது.

அப்பொழுது அக்கூடு என்ன செய்கிறது என்பதில்தான் மீண்டும் நிரப்பும் கலையின் அடிப்படை இருக்கிறது. வாயுவின் அழுத்தத்தால் கூடு விரிந்து, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் வாயு பின்புறமாகக் கசிந்து சுடுவோரின் முகத்தில் படாமல் தடுக்கப்படுகிறது. அழுத்தம் தணிந்ததும் கூடு சற்றே சுருங்கி, அறையினின்று எளிதில் கழன்றுவிடுகிறது. நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைக்கு இவ்வாறு விரிந்து சுருங்கும் குணம் சிறப்பாக அமைந்திருக்கிறது. குண்டு போய்விடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, கேப்பு கெட்டுவிடுகிறது. நான்கு உறுப்புகளில் விலை மிகுந்ததாகிய கூடு மட்டும் கையில் எஞ்சி நிற்கிறது. அதனை எறிந்துவிட மனம் வராத சிக்கன புத்தியே இக்கலைக்கு வித்தாயிற்று.

காகிதமும் பித்தளையும்

தோட்டாவைக் குறிக்கும் கார்ட்ரிட்ஜ் என்னும் ஆங்கிலச் சொல், காகிதத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லினின்று பிரெஞ்சு வழியாகப் பிறந்தது. தொடக்கத்தில் தோட்டா என்பது, மருந்தையும் குண்டையும் ஒருங்கே சுற்றி வைத்த காகிதப் பொட்டலமேயாகும். போர்வீரன் அதன் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலின் வாயில் கொட்டி, குண்டைக் கம்பியால் இடித்து உள்ளே செலுத்துவான்.

இக்காகிதத் தோட்டாவை நம் நாட்டு வரலாறு மறக்கவியலாது. 1857ஆம் ஆண்டு ஜனவரியில், கல்கத்தாவை அடுத்த டம்டம் என்னுமிடத்தில், புதிய என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாக்களில் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவப்பட்டுள்ளன என்ற செய்தி சிப்பாய்களிடையே பரவிற்று. குண்டு குழலினுள் வழுக்கிச் செல்வதற்காகத் தோட்டாவில் மசகு பூசுவது வழக்கம். அம்மாத இறுதியில், மசகு பூசாத தோட்டாக்களையே வழங்குவதென்றும், சிப்பாய்கள் தமக்கு உகந்த பொருளைத் தாமே பூசிக்கொள்ளலாமென்றும் அரசாங்கம் ஆணையிட்டது. எனினும் ஐயம் தீரவில்லை. மார்ச் 29 அன்று பாரக்பூரில் மங்கள் பாண்டே கிளர்ந்தெழுந்தார். ஏப்ரல் 24 அன்று மீரட்டில் மூன்றாம் குதிரைப் படையினர் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். மே 9 அன்று அவர்கள் விலங்கிடப்பட்டனர். மறுநாள் பெருங்கிளர்ச்சி மூண்டது. அக்கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆயினும், தோட்டாவினுள் இருப்பது இன்னதென்று அதனைக் கையாள்வோர்க்குத் தெரியாதிருந்ததும், தெரிவித்தபோது அவர்கள் நம்பாததும் அக்காரணங்களுள் சேரும்.

இதற்கிடையே மேலை நாடுகளில் தோட்டா உருமாறிக்கொண்டிருந்தது. அடிபட்டால் தீப்பற்றும் ரசாயனப் பொருளைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்கு, ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியாரான அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து கேப்பு பிறந்தது. பின்னர் கேப்பும் மருந்தும் குண்டும் ஒரே உலோகக் கூட்டில் அமைந்தன. 1866ஆம் ஆண்டையொட்டி, இங்கிலாந்தில் பாக்சர் என்பவரும் அமெரிக்காவில் பெர்டான் என்பவரும் கேப்பைப் பொருத்த இருவேறு முறைகளைக் கண்டனர். பாக்சரின் முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை உண்டு. ஆகவே ஒரு நீண்ட ஊசியை உள்ளே விட்டு அழுத்தினால், பழைய கேப்பு எளிதில் கழன்று விழும். பெர்டானின் முறையில் துளைகள் பக்கவாட்டில் இருத்தலால் அவ்வாறு செய்வது கடினம். காலப்போக்கில் விந்தையானதொரு பண்டமாற்று நிகழ்ந்தது. ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் வேரூன்றியது. அமெரிக்கரின் முறை ஐரோப்பாவில் பரவியது. வீட்டில் தோட்டா நிரப்பும் வழக்கம் அமெரிக்காவில் செழித்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கடைகள் அருகில் இல்லாத அந்நாட்டு மேற்குச் சமவெளிகளில், காட்டெருமை வேட்டையாடிய 19ஆம் நூற்றாண்டினர் கூடாரத்தில் அமர்ந்தே தம் தோட்டாக்களை நிரப்பிக்கொண்டனர். 1884இல் ஜான் பார்லோ என்பவர் இதற்கான கைக்கருவிகளைச் செய்து விற்கும் ஐடியல் என்ற தொழிலகத்தைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே பிரான்சு நாட்டு வியேல் என்பவர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த பழைய கரிமருந்தைக் காட்டிலும் இது பன்மடங்கு ஆற்றல் மிக்கது. இம்மாறுதல் துப்பாக்கிக்கு நன்மை செய்தது. வீட்டில் தோட்டா நிரப்புவோர்க்கோ ஒரு புதிய அபாயத்தைக் கொண்டுவந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

மேசைமேல் நடப்பது

நிரப்பும் வேலையின் படிகள் எளியவையே. முதலில் கூடுகளைத் துப்புரவு செய்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்க்கின்றனர். வெடிப்போ, அடிப்புறத்தில் பளபளக்கும் வளையமோ தென்பட்டால் அக்கூடு விலக்கப்படும். பலமுறை விரிந்து சுருங்கிய பித்தளை கடினமாகி, ஒருநாள் விண்டுபோகும்.

கூட்டின் துப்புரவைப் பற்றிய ஓர் எச்சரிக்கையின் பின்னே நம் நாட்டுச் செய்தியொன்று உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் சேமித்து வைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள், மழைக்காலம் வந்ததும் தாமே வெடிப்பு விடுவதைப் படையினர் கண்டனர். பருவத்தையொட்டி வந்தமையால் அதற்குப் ‘பருவ வெடிப்பு’ என்னும் பொருள்படும் பெயரிட்டனர். குதிரை லாயங்களிலிருந்து எழும் அம்மோனியா வாயு, ஈரக் காற்றோடு கூடி, ஏற்கெனவே இறுக்கம் ஏறிய பித்தளையைத் தாக்குவதே அதன் காரணம் என்று 1921இல் ஆராய்ச்சியாளர் விளக்கினர். அம்மோனியா கலந்த துப்புரவு நீரைத் தோட்டாக் கூட்டுக்குப் பயன்படுத்தலாகாது என்று இன்றும் சொல்லப்படுவது இதனாலேயே.

துப்புரவு செய்த கூட்டை, நெம்புகோலால் இயங்கும் ஓர் அழுத்துக் கருவியில் வைத்து அச்சுக்குள் செலுத்துகின்றனர். விரிந்த கூடு பழைய அளவுக்குச் சுருங்குகிறது. பழைய கேப்பும் கழன்று விழுகிறது. பிறகு புதிய கேப்பைப் பொருத்துகின்றனர். கூட்டின் வாயைச் சற்றே அகலப்படுத்தி, அளந்த மருந்தை இடுகின்றனர். குண்டை அதன் வாயில் வைத்துக் குறித்த ஆழத்துக்கு அமிழ்த்தி, வாயை இறுக்குகின்றனர். முடிவில் தோட்டாவின் நீளத்தை அளவுகோலால் சரிபார்க்கின்றனர்.

மருந்தை நிறுக்கும் அலகு, கிரெயின் என்னும் தானிய மணியளவு. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். நம் பொற்கொல்லர் தங்கத்தை நிறுத்த குன்றிமணியில் இஃது ஏறக்குறைய பாதியாகும். கைத்துப்பாக்கித் தோட்டா பெரும்பாலானவற்றுக்குச் சில கிரெயின் மருந்தே போதும். அதிலும் ஒரு கிரெயினின் பத்திலொரு பங்கைக் கணக்கில் கொள்கின்றனர். தங்கத்தில் குன்றிமணி பிசகினால் பொருள் நட்டமாகும். இங்கே பிசகினால் கையோ கண்ணோ நட்டமாகும்.

ஆகவேதான் இத்தொழிலில் எவரும் மருந்தின் அளவைத் தம் மதியால் முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு தோட்டாவுக்கும் குண்டுக்கும் மருந்துக்கும் ஏற்ற அளவுகளைச் சோதனைச்சாலையில் அழுத்தம் அளந்து, மருந்து செய்வோரும் கருவி செய்வோரும் கையேடுகளாக வெளியிடுகின்றனர். அக்கையேட்டின் மிகக் குறைந்த அளவில் தொடங்குதல் மரபு. பிறர் வாய்ச்சொல்லாகக் கூறும் அளவை ஏற்றுக்கொள்ளாமை மற்றொரு மரபு. மருந்துகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும், எரியும் வேகத்தில் பெரிதும் வேறுபடும். ஆதலின் மேசைமேல் ஒரு சமயத்தில் ஒரே மருந்துக் குப்பியையே வைக்கின்றனர். பெயர்ச்சீட்டு இல்லாத மருந்தை எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் அழித்துவிடுகின்றனர்.

இரு பிழைகள்

இவ்வளவு ஒழுங்கிருந்தும் நேரக்கூடிய பிழைகள் இரண்டு. ஒன்று, மருந்தை இருமுறை இடுதல். மற்றொன்று, மருந்தை இடாமலே விடுதல்.

முதற்பிழை எவ்வாறு நேர்கிறது? அமெரிக்கரிடையே பெயர்பெற்ற 38 ஸ்பெஷல் என்னும் ரிவால்வர் தோட்டா 1898ஆம் ஆண்டில் தோன்றியது. பருமன் மிகுந்த கரிமருந்தைக் கொள்ளும் அளவுக்கு அதன் கூடு நீளமாக அமைந்தது. இன்றைய புகையில்லா மருந்தோ அக்கூட்டின் அடியில் சிறிதளவே நிற்கும். தொலைபேசி ஒலித்தது என்றோ, குழந்தை அழைத்தது என்றோ எழுந்து சென்று திரும்பியவர், அதே கூட்டில் மறுபடியும் மருந்தை இட்டால், அது வழிந்து காட்டிக்கொடுப்பதில்லை. மேலே குண்டை வைத்து மூடியபின், அத்தோட்டா மற்றவற்றைப் போலவே காட்சியளிக்கும். அதனைச் சுடும்போது ரிவால்வரின் உருளை பிளந்து சிதறுவதுண்டு.

இரண்டாம் பிழை இன்னும் அமைதியானது. மருந்தில்லாத தோட்டாவில் கேப்பு மட்டும் வெடிக்கும். அதன் வலிமை, குண்டைக் குழலின் பாதி வழிக்குத் தள்ளவே போதுமானது. ‘டப்’ என்ற சிற்றொலி மட்டுமே கேட்கும். தோட்டா பழுது என்று எண்ணி அடுத்ததைச் சுட்டால், முன்னே அடைத்து நிற்கும் குண்டின்மீது பின்வரும் குண்டு மோதிக் குழல் உப்பும் அல்லது வெடிக்கும். வழக்கத்துக்கு மாறான ஒலி கேட்டவுடன் சுடுவதை நிறுத்திக் குழலைப் பார்க்க வேண்டுமென்று பயிற்சியாளர் வற்புறுத்துவது இதனாலேயே.

இவ்விரு பிழைகளுக்கும் மாற்று ஒன்றே. குண்டை வைக்குமுன் ஒவ்வொரு கூட்டின் உள்ளேயும் விளக்கொளியில் கண்ணால் பார்ப்பது. ஐம்பது கூடுகளை ஒரு பலகையில் வரிசையாக நிறுத்தி, மருந்தின் மட்டம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் உள்ளதா என்று நோக்குவர். ஆகவே, தொடக்கநிலையில் உள்ளோர்க்கு ஒரு படியை மட்டும் ஒரு நேரத்தில் செய்யும் எளிய கருவியே தக்கதென அனுபவசாலிகள் கூறுவர். மணிக்கு நூற்றுக்கணக்கில் நிரப்பும் கருவிகள் உண்டு. அவற்றில் வேகம் கூடும் அளவுக்குக் கண்ணின் காவல் குறைகிறது.

மற்றோர் அபாயம் மெல்லவே வேலை செய்வது. கேப்பின் கலவையிலும் குண்டிலும் ஈயம் உண்டு. சுட்ட கூட்டில் படிந்த கரியில் அதன் துகள் தங்கும். எனவே அம்மேசையில் உண்பதும் புகைப்பதும் கூடா. வேலை முடிந்ததும் கைகழுவுதல் வேண்டும். குழந்தைகளை அவ்விடம் அண்டவிடலாகாது.

நம் நாட்டின் நிலை

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, உரிமமின்றித் தோட்டா உற்பத்தி செய்தல் குற்றமாகும். துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் பெற்றவர், அவ்வுரிமத்தைக் காட்டித் தோட்டா செய்துகொள்ள இயலாது. அது வேறு, இது வேறு. 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, சட்டத்திற்கு மாறான உற்பத்திக்குக் குறைந்த அளவு ஏழு ஆண்டும், மிகுந்த அளவு ஆயுட்காலமும் சிறைத் தண்டனை உண்டு. வெளிநாட்டில் வாழும் உறவினர் அங்கே இவ்வேலையைச் செய்கிறார் என்பதற்காக, இங்குள்ள இளைஞர் ஒருவர் அதே கருவியைத் தருவித்தால், இரும்புக் கருவிதானே என்று சட்டம் அவரை விட்டுவிடாது. தோட்டா செய்யும் இயந்திரமும் அதன் உறுப்புகளும் தோட்டாவின் இலக்கணத்துள் அடங்கும் என்று நாம் முன்னர்க் கண்ட வாசகம் அவரைத்தான் குறித்து நிற்கிறது.

அவ்வாசகத்தின் காரணமும் இப்பொழுது விளங்கும். கூடு பலமுறை பயன்படும். ஓர் அழுத்துக் கருவியோ ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஒரு பவுண்டு மருந்தால் ஆயிரத்துக்கு மேற்பட்ட கைத்துப்பாக்கித் தோட்டாக்களை நிரப்பலாம். தோட்டாவை மட்டும் எண்ணிக் கணக்கு வைத்து, கருவியைக் கணக்கில் விட்டுவிட்டால், அக்கணக்குக்குப் பொருளே இராது.

நம் நாட்டில் தோட்டாவும் அதன் மருந்தும் பெரிய தொழிற்சாலைகளின் வேலையாகவே இருந்து வருகின்றன. புனேயை அடுத்த கட்கியில் 1869ஆம் ஆண்டு முதல் தோட்டாத் தொழிற்சாலை இயங்குகிறது. குன்னூரிலிருந்து உதகை செல்லும் மலைரயிலில் அருவங்காடு நிலையத்தைக் கடப்போர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலையைக் கண்டிருப்பர். புகையில்லா மருந்தின் ஒரு வகைக்கே கார்டைட் என்று பெயர். இவ்விரண்டும் 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்னும் அரசு நிறுவனத்தின்கீழ் உள்ளன.

துப்பாக்கிச் சுடுதலை விளையாட்டாகப் பயில விரும்புவோர்க்கு இதனால் வழி அடைபட்டுவிடவில்லை. 2012இல் லண்டன் ஒலிம்பிக் போட்டியில் 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் விஜய் குமார் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அப்போட்டிக்குரிய 22 அளவுத் தோட்டாவில் தீப்பற்றும் கலவை கூட்டின் விளிம்பினுள்ளேயே பூசப்பட்டிருக்கும். ஊசி அவ்விளிம்பை நசுக்கிவிடுவதால் அக்கூட்டை மீண்டும் நிரப்புதல் நடைமுறைக்கு ஒவ்வாது. காற்றுத் துப்பாக்கிப் போட்டிகளுக்கோ மருந்தே வேண்டுவதில்லை. முறையாகப் பதிவுபெற்ற சங்கத்தில், பயிற்சியாளரின் கண்காணிப்பில் பழகுவதே இங்கு உகந்த வழி.

பிற நாட்டாரின் பொழுதுபோக்கை அறிந்துகொள்வதில் தவறில்லை. அதில் நமக்குப் படிப்பினையும் உண்டு. தாம் நிரப்பும் ஒவ்வொரு கூட்டின் உள்ளேயும் ஒருமுறை பார்த்த பின்னரே மூடுதல் என்ற விதியை, அம்மேசையில் அமர்வோர் ஆயிரமாவது கூட்டிலும் தளர்த்துவதில்லை. அதே விதி, மருந்து கலப்போர்க்கும், மின்கம்பி இணைப்போர்க்கும், ஏன், சட்ட வாசகத்தை மொழிபெயர்க்கும் நம் போன்றோர்க்கும் பொருந்தும். வாக்கியத்தை முடித்துவிட்டோம் என்று அடுத்ததற்குச் செல்லுமுன், விடுபட்டதோ இருமுறை வந்ததோ உண்டா என்று ஒருமுறை உள்ளே பார்த்துக்கொள்வதை நாமும் அன்றுமுதல் வழக்கமாகக் கொண்டிருக்கிறோம்.